விழ மறுத்த பாலை உலக்கை

பாலை மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் குருந்தேந்தலில் யாரைக் கேட்டாலும் உலக்கையைப் பற்றித்தான் வாய் வலிக்கச் சொல்வார்களே தவிர, அது எந்த மரத்தில் கடைந்த உலக்கை, அந்த மரம் யாருடைய கொல்லையில் நின்றது என்று ஒருவனும் சொல்லமாட்டான். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும் மரம் அது; பழம் தின்னத் தித்திக்கும், தின்றபின் மேலுதடும் கீழுதடும் பசை தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும். வளர்வதில் அதற்கு அவசரமே கிடையாது, அப்பன் காலத்தில் தொடையளவு இருந்தால் மகன் காலத்தில் இடுப்பளவு ஆகும். வேறு மரத்தைக் குளத்தில் போட்டால் மிதக்கும், பாலையைப் போட்டால் கருங்கல்லைப்போல நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். கரையான் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடும். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அதனால்தான் செக்குக்கும் வீட்டுத் தூணுக்கும் வண்டி அச்சுக்கும் உலக்கைக்கும் அதைத் தேடிக்கொண்டு அலைவார்கள், கிடைத்தவுடன் மரம் கொடுத்தவனை மறந்துவிடுவார்கள்.

எங்கள் அப்பா பழனியாண்டியின் கொல்லை மூலையில் அப்படி ஒரு பாலை நின்றது. ஊர்த்தேரின் அச்சு ஒடிந்த வருஷம், அப்போது ஊருக்குத் தலைமையான அம்பலமாக இருந்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பங்காளி உறவு, அப்பாவுக்கு அண்ணன் முறை. "தம்பி, மரத்தைக் குடு. தேர் கிளம்பையில முதல் தேங்காயை நீ உடை. உனக்குப் பொறவு உம் மகன் உடைக்கட்டும்" என்றார். அப்பா கொடுத்தார். அடிமரத்தில் அச்சுக் கடைந்தார்கள், மீந்த கிளையில் ஓர் உலக்கை கடைந்து இரும்புப் பூண் போட்டுக் கோயிலில் வைத்தார்கள். தேர் கிளம்பிய அன்று அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தேங்காயும் கையுமாக நிற்கையில், அம்பலம் வந்து அந்தத் தேங்காயைக் கையிலிருந்து வாங்கித் தானே உடைத்தார். வெட்டிய மரம் ஆத்தாளுக்குச் சொந்தம், அதில் எவனுக்கும் பாத்தியம் கிடையாது என்றார். அப்பா சாகிறவரைக்கும் கேட்டார். அவருக்குப்பின் நான் கேட்கிறேன். அந்த அம்பலமும் செத்து, அவர் மகன் அடைக்கலசாமி அம்பலமாகி, நானும் தலை நரைத்து, இன்னும் கேட்கிறேன். "உடையப்பன் இன்னும் தேங்காயை விடலையாடா" என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். விடவில்லை. நான் ஏன் விடவேண்டும்?

சூரியனையோ சந்திரனையோ பாம்பு பிடிக்கிறபோது உலக்கையை நிறுத்துவது எல்லா ஊரிலும் உண்டு. பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள்நீர் ஊற்றி, அதில் உலக்கையைப் பூண் கீழாக வைத்துக் கையை எடுத்தால், கிரகணம் இருக்கும்வரை பிடிப்பாரில்லாமல் நிற்கும். பாம்பு விட்டவுடன் தானாகச் சாயும். உலக்கை சாய்ந்தபின்தான் தலைமுழுகி, கோயில் திறந்து, உலை வைப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கென்று கோயில் வாசலில் அந்தப் பாலை உலக்கைதான். பூசாரி வேளார் சூரியகிரகணத்தன்று காலையில் அதை நிறுத்தினார். சூரியன் மங்கியது, காக்கையெல்லாம் குழம்பிப்போய்க் கூட்டுக்குத் திரும்பியது, பிறகு சூரியன் தெளிந்தது, காக்கை மறுபடி வெளியே வந்தது. உலக்கை விழவில்லை.

கொஞ்சம் பொறுப்போம் என்றார்கள். பொறுத்தார்கள். மத்தியானம் ஆயிற்று, பொழுது சாய்ந்தது, மறுநாள் வந்தது, தாம்பாளத்து மஞ்சள்நீர் வற்றி மஞ்சள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது, உலக்கையும் நின்றது. நாய் உரசிப் பார்த்தது. ஆடிக்காற்று அடித்தது. மழை பெய்தது. ஒரு மயிரிழை சாயவில்லை. டீக்கடை டிவியில் கிரகணம் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். "டிவிக்காரனுக்கு முடிஞ்சிருக்கும், நம்ம ஊருக்கு முடியலையே" என்றார் அடைக்கலசாமி அம்பலம். அதை யாரும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உலக்கை நின்றால் கிரகணம், விழுந்தால் கிரகணம் இல்லை, இதற்குமேல் இதில் பேச என்ன இருக்கிறது என்று அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

இப்படித்தான் எங்கள் ஊரில் கிரகணம் குடியிருக்க ஆரம்பித்தது. முதலில் தண்ணீர்ப் பானை, உப்புச் சாடி, ஊறுகாய்ச் சாடி எல்லாவற்றிலும் தர்ப்பைப்புல் போட்டார்கள். கண்மாய்க் கரையில் தர்ப்பை தீர்ந்தபின் கோரையைக் கிள்ளிப் போட்டார்கள். கோரையும் தீர்ந்தபின் ஒரு தென்னை ஈர்க்கைப் போட்டுத் தர்ப்பையை நினைத்துக்கொண்டால் போதும் என்று வேளார் சொல்லிவிட்டார். கிரகணத்தில் சாப்பிடக்கூடாது, சாப்பிடாமலும் இருக்கமுடியாது, ஆகையால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பேசாமல் உண்டால் அது சாப்பாடு ஆகாது, வாய் நனைப்பது மட்டும்தான் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள், அதன்பின் தெருவில் கண்டவர்கள் "வாய் நனைச்சாச்சா?" என்றுதான் விசாரித்தார்கள். கல்யாணம் வைத்தவர்கள் எல்லைக்கல்லைத் தாண்டி அடுத்த ஊர்ப் புளியந்தோப்பில் தாலி கட்டிவிட்டு வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனியாகப் படுக்கவேண்டும் என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கோயில் நடை சாத்தியது சாத்தியபடி கிடந்தது. தேர் தகரக் கொட்டகைக்குள் நின்றது. தேர் ஓடாவிட்டால் தேங்காய் கிடையாது, தேங்காய் கிடையாதென்றால் என் கேள்வியும் கிடையாது, இது யாருக்கு வசதி என்று நான் கேட்டால் மட்டும் "கிரகண நேரத்துல வாயைக் கொடுக்காதப்பா" என்றார்கள். பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு வந்தால் கண்டக்டர் விசிலை ஊதி, "கிரகணம்லாம் எறங்கு!" என்பான். நம் ஆட்களும் மூட்டை முடிச்சோடு, ஏதோ பட்டம் கிடைத்ததுபோல இறங்கினார்கள்.

இது எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் ஜெயக்கொடி தலைப்பிள்ளைக்காகப் பிறந்தவீட்டுக்கு வந்திருந்தாள், அதுதான் விஷயம்.

மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வளைகாப்புப் போட்டு அழைத்துக்கொண்டு வந்து வயிற்றுப்பிள்ளையோடு அவள் எங்கள் வீட்டில் இருக்கையில் கிரகணம் பிடித்தது. கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே தலைகாட்டக்கூடாது, அரிவாள்மனை தொடக்கூடாது, ஊசி கோர்க்கக்கூடாது, அவள் இருக்கிற இடத்தில் யாரும் இரும்பு எடுத்து எதையும் அறுக்கக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாழிகைக் கணக்கில் இருக்கவேண்டியதை மாதக்கணக்கில் இருக்கச் சொன்னால் என்ன ஆகும்? என் பெண்சாதி அழகி ஜன்னலில் சாக்கு அடித்தாள், கதவிடுக்கில் துணி திணித்தாள், கத்திரிக்காயைக் கையால் பிய்த்துக் குழம்பு வைத்தாள். அவளையும் குறை சொல்லமாட்டேன். அவள் தங்கைக்குப் பிறந்த பையனுக்கு உதடு பிளந்திருந்தது, பால் குடிக்கத் தெரியாமல் அவன் பட்ட பாட்டை அவள் மடியில் வைத்துப் பார்த்தவள். 

ஜெயக்கொடி வாயாடி. உள்ளே இருந்தபடியே கூப்பிடுவாள். "எப்பா, என்னைய மாவடு ஜாடி மாதிரி வாயைக் கட்டி வெச்சிருக்கீங்களே, நான் ஊறி முடிச்சுட்டேனான்னு வந்து பாக்கப்படாதா?" 

"சும்மா கெட ஆத்தா."

"சும்மாதானே கெடக்கேன். முதுகு அரிக்குது, சொறியக்கூடாதுங்குது அம்மா. உலக்கைக்கு அரிச்சா அது எங்கிட்டுச் சொறிஞ்சுக்கும்னு கேட்டுச் சொல்லுங்க."

ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்து போவார். வெளியூர்க்காரி, அவரைக் கிரகணம் கட்டுப்படுத்தாது என்று ஊர் அவரை விட்டுவைத்திருந்தது. ஒருநாள் ஜெயக்கொடியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, காலை அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. வெளியே வந்து என்னிடம், "ஐயா, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. இது வீட்டுல வெச்சுப் பாக்குற கேஸ் இல்லை. இப்பவே ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. அட, வலி கண்டதும் வண்டியையாவது கூப்பிடுங்க. இல்லைன்னா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்றார். 

நான் நேரே அம்பலத்தின் வீட்டுக்குப் போனேன். அடைக்கலசாமி நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வாப்பா உடையப்பா. வாய் நனைச்சியா?"

"அண்ணே, எம் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"போகணும்தான். உலக்கை விழுகட்டும், நானே வண்டி பிடிச்சு அனுப்புறேன்."

"உலக்கை விழுகுறவரைக்கும் புள்ளை உள்ளேயே இருக்குமாண்ணே?"

"நான் என்னப்பா செய்ய? நானா நிறுத்தி வெச்சிருக்கேன்? கர்ப்பிணி வெளிய வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா, கிரகணம் அதோட போகுமா, ஊரையே சுத்தும். நாளைக்கு ஊர்ல பொறக்குற பிள்ளை எல்லாம் மூளியாப் பொறந்தா நீயா வளப்ப?" அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, கன்னம் உப்பச் சொன்னார், "உங்க அப்பன் கொல்லை மரம்தானே? நீ போய்ச் சொல்லிப் பாரு. உன் பேச்சைக் கேக்கும்."

கேட்டீர்களா? தேங்காய் உடைக்கையில் அது ஆத்தாள் மரம். ஊருக்கு வினையாய் நின்றால் மட்டும் அது என் அப்பன் கொல்லை மரம். "சொல்றேண்ணே, சொல்ற விதத்துல சொல்றேன்" என்று எழுந்து வந்து, வீட்டிலிருந்து கோடாலியை எடுத்துக்கொண்டு, ஊரெல்லாம் பார்க்கிற நேரத்திலேயே கோயில் வாசலுக்குப் போனேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். டீக்கடை பெஞ்சைத் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்தார்கள். கோடாலியை ஓங்கி முதல் வெட்டு வெட்டினேன். கோயில் மணியை அடித்ததுபோலக் கணீரென்று சத்தம் வந்தது, கோடாலி வாயில் ஒரு பல் போயிற்று, உலக்கையில் பொட்டு வைத்த அளவுக்குக்கூடத் தடம் இல்லை. "இந்தப் பக்கம் வெட்டு மாமா, அந்தப் பக்கம் அதுக்குக் கூச்சமா இருக்கு" என்றான் ஒருவன். ரம்பம் வைத்து இழுத்தேன். ரம்பம் சூடேறி நீலம் பாய்ந்தது. சுற்றி விறகடுக்கித் தீ வைத்தேன். தீ தின்று முடித்துப் போனபின் பார்த்தால், எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்ததுபோல இன்னும் கொஞ்சம் பளபளப்பாக நின்றது. கயிறு கட்டி என் உழவுமாடு இரண்டையும் பூட்டி ஓட்டினேன்; மாடுகள் முட்டி போட்டன, கயிறு அறுந்தது, நான் மல்லாக்க விழுந்தேன். உலக்கைக்குப் பதிலாக உடையப்பன் விழுந்தானே, கிரகணம் விட்டுவிட்டதா என்று கேட்டு ஊரே சிரித்தது. கடைசியில் வெல்லப்பாகு காய்ச்சி அடியில் ஊற்றிக் கரையானை வரவழைத்தேன். வந்தது, வெல்லத்தை மட்டும் தின்றது, போய்விட்டது. நான் அந்த மரத்தை வைதேன். உன் பழத்தைத் தின்றுதானே நான் வளர்ந்தேன், உன் நிழலில்தானே என் அம்மா எனக்குத் தலை பார்த்தாள், என் வீட்டுப் பெண்ணைக் கொல்லவா இத்தனை வயிரம் பாய்ந்து நிற்கிறாய் என்று வைதேன். மரம் என்ன சொல்லும்? அம்பலம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடிக்கு வலி கண்டது ஒரு காலைப்பொழுதில். போன் செய்தேன், வண்டி வந்தது. எல்லைக்கல் பக்கத்தில் யாரோ மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தி மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தது. நானும் அம்பலமும் இந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தோம். கிழவிகள் எல்லாம், "நாங்க வீட்டுல பெக்கலையா, நெல்லு அறுத்துப்போட்ட இடத்துல பெத்துட்டு அறுப்பை முடிக்கலையா" என்றார்கள். பெற்றவர்கள் பேசினார்கள். பெறமுடியாமல் செத்தவர்கள் பேச வரமுடியாதே.

அப்போது தெருவில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜெயக்கொடி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

நட்டநடுத் தெருவில், வெளிச்சத்தில், இடுப்பில் ஒரு கையும் வயிற்றின் அடியில் ஒரு கையுமாக, வீங்கிய காலைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்து வந்தாள். வீட்டு வாசலைத் தாண்டுகிறவரை அழகி அவள் காலைக் கட்டிக்கொண்டு தடுத்தாளாம். "அம்மா, உதடு பிளந்தா தெச்சுக்கலாம், உசுரு போனா என்னத்தைத் தெப்ப?" என்று இவள் கேட்டாளாம். அதற்குப்பின் அழகி தன் முந்தானையை விரித்து மகளின் வயிற்றைச் சுற்றி மூடிக்கொண்டு, அவளோடு ஒட்டிக்கொண்டே நடந்து வந்தாள். தெருவில் கதவுகள் சாத்தின. சாத்திய கதவுக்குப் பின்னால், ஜன்னல் சாக்கு ஓட்டைகளில், மற்றக் கர்ப்பிணிகளின் கண் தெரிந்தது.

கோயில் வாசலுக்கு வரும்போது பெரிய வலி ஒன்று அவளைப் பிடித்தது. முதுகு வளைந்தது. அழகியால் தாங்கமுடியவில்லை, நான் எட்டி வருவதற்குள் ஜெயக்கொடி கையை நீட்டி அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டாள். அகப்பட்டது உலக்கை. இரண்டு கையாலும் அதைக் கட்டி, நெற்றியை அதில் முட்டி, உடம்பின் பாரம் அவ்வளவையும் அதன்மேல் போட்டு, கத்தினாள். கோயில் புறாவெல்லாம் பறந்தது. அந்த ஊரில், அந்தத் தெருவில், அவளுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு மனுஷன் இல்லை, ஒரு மரம் இருந்தது. காளை இழுத்து அசையாத மரம், தீயில் வேகாத மரம், என் மகள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்குத் தூணாய்ப் போட்டால் நாலு தலைமுறை தாங்கும் என்பார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன். எத்தனை நேரம் அப்படி நின்றாளோ. வலி விட்டதும் கையை எடுத்தாள், உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே நடந்தாள்.

எல்லையில் மாட்டுவண்டிக்கு முன்னால் அம்பலம் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"தாயி, சொன்னா கேளு. உள்ள போ. ஊருக்குன்னு ஒரு கட்டு இருக்கு."

ஜெயக்கொடி மூச்சு வாங்கிக்கொண்டு மாட்டுவண்டி நுகத்தடியில் உட்கார்ந்தாள். "சரி பெரியப்பா. உங்க கட்டை நான் மீறலை. இந்தா, இங்கனையே உக்காந்துட்டேன். இங்கனையே பெத்துப் போடுறேன். தொப்புள்கொடியை எதை வெச்சு அறுக்குறது?"

அம்பலம் விரித்த கைகளை மெல்ல இறக்கினார்.

"கர்ப்பிணி இருக்குற எடத்துல இரும்பு எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கம்மா கத்திரிக்காயைக் கையால பிச்சுப் பிச்சுக் கொழம்பு வெக்குது. எங் கொடியை யாரு பிப்பா? நீங்க பிக்கிறீங்களா, வேளார் தாத்தா பிக்கிறாரா? பேசி முடிச்சுச் சொல்லுங்க, எனக்கு அடுத்த வலி வருது."

கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்பலம் வேளாரைப் பார்த்தார். வேளார் வானத்தைப் பார்த்தார். கொடி என்பது தாயைச் சேர்ந்ததா பிள்ளையைச் சேர்ந்ததா, பிள்ளை வெளியே வந்துவிட்டால் அவள் கர்ப்பிணியா இல்லையா, மூங்கில் சிம்பால் அறுக்கலாமே, மூங்கில் இரும்பு இல்லையே என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் அதில் இறங்கினால் எளிதில் ஏறமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மகளை எழுப்பிவிட்டு, நானும் ஆம்புலன்ஸ் டிரைவரும் மாட்டுவண்டியின் சக்கரத்தைத் தோள் கொடுத்து நெட்டித் தள்ளினோம். அந்தச் சந்தில் ஜெயக்கொடி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டினாள். மூங்கில் சரியா தவறா என்று அவர்கள் எங்களுக்குப் பின்னால் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்று போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். எது போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அழகி பிள்ளையைக் கையில் வாங்கியதும் முதலில் அதன் உதட்டைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தாள்; மேலுதடு, கீழுதடு, அண்ணம் என்று தொட்டுக்கொண்டே போனாள், பிள்ளை அவள் விரலைக் கவ்விச் சப்பியது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

நாங்கள் ஊருக்குத் திரும்பிய அன்று உச்சிப்பொழுது. பேருந்திலிருந்து இறங்கினால், எல்லையில் ஊரே நிற்கிறது. எல்லாருக்கும் பிள்ளையின் உதட்டைப் பார்க்கவேண்டும். முன்னால் அம்பலம் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இல்லாத நாட்களில் ஊர் சும்மா இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஜன்னல் சாக்குகளை அந்தக் கர்ப்பிணிகளே உள்ளேயிருந்து கிழித்துப் போட்டிருந்தார்கள். கோயில் வாசலுக்குப் போய் உலக்கையைக் கட்டிப் பிடித்துவிட்டு வந்தால் பிரசவம் இலகுவாகும் என்று அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். அதற்கும் அம்பலம் ஒரு வழி கண்டுபிடித்து, கட்டிப் பிடிக்கிறவர்கள் வரிசையில் வரவேண்டும், முதலில் தன் வீட்டு மருமகள் என்று சட்டம் போட்டிருந்தார். ஆனால் உலக்கை விழவில்லை. உலக்கை விழாதவரை கிரகணம் கிரகணம்தான்.

"நல்லபடியாப் பொறந்துச்சாப்பா?" என்றார்.

"பொறந்துச்சு."

"சந்தோஷம். ஆனா பச்சைப்புள்ளையைக் கிரகணத்துக்குள்ள கொண்டாரலாமான்னு ஊருக்கு ஒரு யோசனை. தீட்டோட வேற வந்திருக்கீங்க. கொஞ்சநாள் மாப்பிள்ளை ஊர்ல வெச்சிருந்தா என்ன? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஜெயக்கொடி எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு இன்னும் நிற்கச் சத்து வரவில்லை. அழகியின் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேசத் தெம்பிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கு அவள் வாய் கிடையாது. எனக்குத் தெரிந்தது கோபம் ஒன்றுதான், அதையும் இத்தனை வருஷமாகச் செலவழித்துச் செலவழித்து எவனும் மதிக்காத ஒன்றாக ஆக்கியிருந்தேன். ஆகவே பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, எல்லைக்கல்லின் மேலேயே நின்றேன். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. பேருந்து போன புழுதி அடங்கியது. எல்லாரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

காற்றில் பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணி விலகியது. பிள்ளை முகத்தைச் சுளித்தது, கண்ணை இறுக்கியது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அம்பலத்தின் கை தானாக நீண்டது. பேரன் பேத்தி எடுத்த கைதானே அதுவும். குடையை என் பக்கம் சாய்த்து, நிழல் பிள்ளையின்மேல் விழும்படி பிடித்து, "துணியை மூடுப்பா, புள்ளை மூஞ்சியில வெயில் படுது" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற வேளார் இருமினார்.

"என்ன படுதுண்ணே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே, குடையைப் பார்த்தார். அந்தக் குடையை யார் தன் கையில் கொடுத்தார்கள் என்று யோசிக்கிறவர் மாதிரி அதையே பார்த்தார். பின்னால் நின்றவர்கள் தங்கள் தலையில் போட்டிருந்த துண்டையும் முந்தானையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன படுதுண்ணே புள்ளை மேல?"

"வெயிலு" என்றார், வெற்றிலை மெல்லுகிற சத்தத்தில்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

அம்பலத்தின் முகம் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. "வெயில்டா! வெயில் அடிக்குது! மண்டையைப் பொளக்குது! புள்ளையை வெச்சுக்கிட்டு ஏண்டா வெளிய நிக்கிற, உள்ள தூக்கிட்டுப் போ!" என்று கத்தினார்.

ஒருவரும் கோயில் பக்கம் திரும்பி உலக்கை விழுந்ததா என்று பார்க்கவில்லை. எல்லாரும் நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் குடையை ஒரு விரலால் அப்பால் தள்ளினேன்.

"படட்டும்ணே" என்றேன்.

குடைநிழலுக்கு வெளியே கால் எடுத்து வைத்து ஊருக்குள் நடந்தேன். கூட்டம் விலகியது. என் பேத்தி முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு, கையையும் காலையும் உதைத்து, முகம் சிவக்க, தெருவின் அந்தக் கோடிவரை கேட்கும்படி வீறிட்டு அழுதாள். வழியில் நின்ற பெண்கள் பால் கேட்கிறாள் என்றார்கள். பால் கேட்கவில்லை. அது கோபம், எங்கள் வீட்டில் பிறந்தது.